டீச்சருக்காக நான் போட்ட கையெழுத்து

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். எந்த ஃபண்டில் ஆட்களுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தீங்க அக்கா? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் இருப்பது நான் இன்னொருவருக்காகப் போட்ட ஒரு கையெழுத்து. அதைத்தான் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பகற்கனவு காண்கிறவள். திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம், எண்பத்தொன்பதில், தபால் ஆபீஸ் சேமிப்புக்கு ஏஜென்ட்டாகச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் மாதாந்திரப் பணம் வாங்கி வருவேன். நடந்துகொண்டே இருக்கும்போது மலை ஒரு தெருவில் தெரியும், அடுத்த தெருவில் மறையும், அதற்கடுத்த தெருவில் வேறு உருவத்தில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே போய், பணம் வாங்க வேண்டிய வீட்டைத் தாண்டிவிட்டு, திரும்பி வருவது எனக்கு வாடிக்கை. என் அம்மா என்னை "ஆகாசத்துல குடித்தனம் பண்றவ" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு மியூச்சுவல் ஃபண்டு வியாபாரம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? தபால் ஆபீஸ் பாஸ்புக்கில் கனவுக்கு இடமில்லை. ஃபண்டுகளின் விளம்பரப் புத்தகங்களோ வழவழப்பான தாளில் வந்தன. ஒன்றின் அட்டையில் பனி படர்ந்த வயல், ஒன்றில் பட்டம் விடும் குடும்பம், ஒன்றில் கடலுக்கு மேல் போகும் பறவை. உள்ளே இருக்கும் பொடி எழுத்தை நான் படித்ததைவிட அட்டைப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் ஜாஸ்தி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அரசு ஊழியர்கள் ஏறி வருவார்கள். அந்தப் படங்களை அவர்கள் முன்னால் பரப்பி வைப்பேன். அவர்களும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்களில் எங்கள் தொழிலில் இரண்டு காற்றுகள் ஒரே சமயத்தில் வீசின. ஒரு பக்கம், வெளிநாட்டுத் தலைமை கொண்ட சில கம்பெனிகள் பொதுமக்களிடம் இருந்த தங்கள் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆரம்பித்தன. நாம் பைபேக் என்கிறோமே, அதுதான். சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருவார்கள், ஆனால் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அதைத் தவறவிட்டால் பங்கு சந்தையிலிருந்தே போய்விடும். பிறகு அந்தப் பத்திரத்தை விற்க ஆளைத் தேட வேண்டும். இன்னொரு பக்கம், வாரத்துக்கு ஒரு புது ஃபண்டு வந்தது. யூனிட் பத்து ரூபாய். பழைய ஃபண்டின் யூனிட் நாற்பது ரூபாய், புதியது பத்துதான், எனவே புதியது மலிவு என்று எல்லோரும் நினைத்தார்கள். யூனிட் எண்ணிக்கைதான் கூடும், போட்ட பணம் அதேதான், அது மலிவு இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களிடம் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பெருமையாகச் சொல்லவில்லை.

அங்கே பணம் வெளியே வருகிறது, இங்கே உள்ளே போகிறது, நடுவில் படிவத்தை நீட்டிக்கொண்டு நான். அந்த வருடம் ஒரு புது ஃபண்டுக்கு நிறையப் பேரைச் சேர்க்கும் ஏஜென்ட்டுகளை விமானத்தில் வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. மேகத்துக்கு மேலே போனால் கீழே மேகம் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டே மாடிப்படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன்.

இந்த நேரத்தில்தான் டீச்சரின் விவகாரம் வந்தது.

டீச்சர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு சமண கிராமம் அவருடையது. தலைமுறை தலைமுறையாக நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் போடும் குடும்பங்கள், ஊருக்கென்று சின்னதாக ஒரு சமணக் கோயில். அவருடைய கணவர் வேலூர்ப் பக்கத்தில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே தொழிலாளர்களுக்கு ஒரு சமயம் பங்கு கொடுத்தார்கள். அதை மனைவி பெயரில் வாங்கி வைத்துவிட்டு இறந்துபோனார். அந்தப் பத்திரங்களைக் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லி டீச்சர் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். வழக்கம்போல நான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, அவை என் பீரோவிலேயே கிடந்தன.

அந்தக் கம்பெனி பைபேக் அறிவித்தது. நல்ல விலை. எனக்குக் கண் முன்னால் பறவை பறந்தது. டீச்சருடைய பணம் மட்டும் அந்தப் புது ஃபண்டுக்கு வந்தால் என் கணக்கு எட்டிவிடும். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டீச்சர் வீட்டு வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். படிவத்தைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"விரதத்துல இருக்கேம்மா. பதினஞ்சு நாளு. ஏரிக்கரை மதகைத் தாண்ட மாட்டேன்."

"நீங்க எங்கயும் வர வேணாம் டீச்சர். இங்கயே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"நான் தாண்டலன்னா மட்டும் போதாது. எனக்காக ஒரு ஆளும் தாண்டக் கூடாது, ஒரு பொருளும் தாண்டக் கூடாது. எல்லைக்கு அந்தாண்ட இருக்கறவங்களை இங்கருந்து கைதட்டிக் கூப்பிடக்கூடக் கூடாது. அப்படி வேலை வாங்கிட்டா அப்புறம் விரதம் எதுக்கு?"

மழைக்காலத்தில் சமணர்களில் சிலர் இப்படி ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதற்குள்ளேயே இருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மதகு, ஒரு புளியமரம், ஒரு கோயில் சுவர், ஒரு கிணறு. இவற்றுக்கு நடுவே ஒரு மனுஷி பதினைந்து நாள் எதற்காகவும் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிறாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

"கடைசித் தேதி அதுக்குள்ள முடிஞ்சிடும் டீச்சர்."

"தெரியும்."

"முடிஞ்சிட்டா விக்கறது கஷ்டம்."

"அதுவும் தெரியும். லெட்டர் எனக்கும்தான் வந்துது. பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடு, வா."

வெங்காயம், பூண்டு இல்லாத குழம்பு. அவ்வளவு ருசி. நான் சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், மதகைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். அவர் எனக்குத் திரும்பக் கையசைக்கவில்லை. பாவம், விரதம் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது, அவரால் எனக்கு ஜாடைகூடக் காட்ட முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். 'தெரியும்' என்று அவர் இரண்டு முறை சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. வழியெல்லாம் அவருக்கு எப்படி உதவுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், உதவி என்ற வார்த்தை அந்த பஸ்ஸில்தான் எனக்கு வந்தது.

கடைசித் தேதி பௌர்ணமியன்று வந்தது. காலையிலேயே வேங்கிக்கால் சாலையில் கிரிவலத்துக்கு ஆட்கள் ஊரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பில்லாத கால்கள், தோளில் துண்டு, இடுப்பில் குழந்தை. நான் மாடியில் ஜன்னலோரம் பத்திரங்களை எடுத்து வைத்து, வெற்றுப் படிவம் ஒன்றை நிரப்பினேன். டீச்சரின் கையெழுத்து எனக்கு அத்துப்படி. எத்தனையோ படிவங்களில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவதுபோல் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, கடைசியில் ஒரு சின்னப் புள்ளி. பேனாவை வைத்தேன், கை தானாகப் போயிற்று. நான் அதைச் செய்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. யாரோ தூக்கத்தில் செய்வதை நான் வேடிக்கை பார்ப்பது மாதிரி இருந்தது. புள்ளியும் வைத்தேன்.

எங்கள் தொழிலில் அந்தக் காலத்தில் இதைப் பலர் செய்தார்கள். ஆளைத் தேடி அலைவதற்குப் பதிலாக ஏஜென்ட்டுகள் தாங்களே போட்டுவிடுவார்கள், பிறகு போனில் சொல்லிவிடுவார்கள். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது எதையெல்லாம் "எல்லாரும் செய்யறதுதானே" என்று செய்கிறீர்களோ, அதை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

வேலூர் பஸ்ஸைப் பிடிக்க அந்தக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்தேன். அத்தனை பேர் மலையைப் பார்த்து வருகிறார்கள், நான் ஒருத்தி மலைக்கு முதுகு காட்டிக்கொண்டு போகிறேன். வேலூரில் படிவம் வாங்கும் அலுவலகத்தை மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் உள்ளே நுழைந்தேன். அங்கே இருந்தவர் கையெழுத்தைப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். திரும்பும்போது பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டேன். மேகங்கள் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விரதம் முடிந்த மறுநாள் டீச்சர் என் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"பத்திரமெல்லாம் பத்திரமா இருக்குதா? வருஷாந்தரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்துடுச்சு. அடுத்த மாசம்."

டீச்சர் ஒவ்வொரு வருடமும் சென்னைக்கு அந்தக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்துக்குப் போவது எனக்குத் தெரியும். ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நோட்டைத் திறந்து காட்டினார். வருடம் வாரியாக ஒரே கேள்வி. இந்த வருடம் தற்காலிகத் தொழிலாளர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினீர்கள்? அதன் கீழே, மேடையில் சொன்ன பதில்.

"எங்க வூட்டுக்காரரு எட்டு வருஷம் தற்காலிகமாவே இருந்தாரு. 'யாராவது எழுந்து கேக்கணும், நாங்க கேட்டா வேலை போயிடும்'னு சொல்வாரு. எனக்குப் பங்கு இருக்குது, என்னை யாரு இன்னா பண்ண முடியும்? வருஷா வருஷம் எழுந்து கேக்கறேன். அவங்களும் பதில் சொல்லித்தான் ஆகணும். இந்த பைபேக்குல எல்லாரும் குடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா கேக்க ஆளே இருக்காது. அதான் நான் குடுக்கல."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. 'கம்பெனியே எல்லாருடையதையும் கட்டாயமாக எடுத்துக்கொண்டது டீச்சர்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் நம்புவார். என் வார்த்தையை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இருபது எண்ணுவதற்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் உங்களுக்கு வரும் சோதனை இப்படித்தான் வரும். சந்தை விழும் நாளில் வராது. உங்களை நம்புகிற ஒருவர் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வரும்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

டீச்சர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "போட்டுக் காட்டு."

போட்டேன். எழுத்து பிசகாமல் வந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னைவிட நல்லாப் போடற."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் நான் வேலூருக்குப் போய், அந்தப் படிவத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். கையெழுத்து ஒத்துப்போகிறது, யாரும் புகார் சொல்லவில்லை, பணம் அனுப்பப்போகிறார்கள் என்றார் அந்த ஊழியர். பங்குக்குரியவரே 'இது நான் போட்டதில்லை' என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்தலாம் என்றார். நான் மறுபடியும் மதகு தாண்டிப் போய் டீச்சரிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தா உன்னை இன்னா பண்ணுவாங்க?"

"ஏஜென்சி போயிடும். கேசும் போடுவாங்க."

அவர் வாசலில் காய்ந்துகொண்டிருந்த உளுந்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். "நெசத்தை எழுதுனா உனக்கு அடி. பொய் எழுத என்னால ஆகாது. அப்போ ஒண்ணும் எழுதாம இருக்கறதுதான்" என்றார்.

'எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, எழுதுங்கள் டீச்சர்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்தேன். வாடகை, அம்மாவின் மருந்து, என் பெயர் எழுதிய பலகை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டதைவிட இதைத்தான் நான் பெரிய தப்பாக நினைக்கிறேன். முதல் தப்பைக் கனவில் செய்தேன் என்றாவது சொல்லலாம். இதை நன்றாக விழித்திருந்து செய்தேன்.

பணம் வந்தது. டீச்சர் அதைத் தபால் ஆபீஸில் போட்டார், வேறொரு ஏஜென்ட் மூலம். நான் அந்த விமானத்தில் ஏறவில்லை.

என்னிடமும் அந்தக் கம்பெனியின் பங்கு பத்து இருந்தது. டீச்சரைப் பார்த்து நானும் வாங்கியது. ஊரார் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் என்னுடையதைக் கொடுக்க மறந்திருந்தேன். கூட்டத்தில் டீச்சரே எழுந்து கேட்கட்டும், அதை அவர் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று போய் நின்றேன். கூட்டத்துக்காகப் பங்குதாரர் பதிவேட்டை மூடியிருந்தார்கள், கூட்டம் முடியும்வரை பெயர் மாற்ற முடியாது. என் பிரதிநிதியாக அவரை அனுப்பலாமா என்று விசாரித்தேன். பிரதிநிதி உட்காரலாம், ஓட்டுப் போடலாம், பேசக் கூடாதாம். டீச்சரை வாய் திறக்காமல் உட்காரச் சொல்வதா?

"நீயே போய்க் கேளு. நானும் வரேன், வெளிய குந்திக்கறேன்" என்றார் அவர்.

விடியற்காலை பஸ்ஸில் இருவரும் சென்னைக்குப் போனோம். வழியில் அதிகம் பேசவில்லை. அவர் நோட்டை என் மடியில் வைத்தார். கேள்வியை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் காவலாளி என் சீட்டைப் பார்த்து உள்ளே விட்டார். டீச்சர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். உள்ளே குளிர், மெத்தை நாற்காலிகள். பாதிக்கு மேல் காலி. கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள். என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், கேள்வியை ஒரு வார்த்தை மாறாமல் கேட்டேன். மேடையில் இருந்தவர் இனிமையாகச் சிரித்தார். கணிசமான எண்ணிக்கையில் நிரந்தரமாக்கியிருக்கிறோம், அக்கறையோடு கேட்டதற்கு நன்றி என்றார். நானும் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. உடனே எழுந்து வெளியே ஓடினேன்.

டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எத்தனை பேராம்?"

"கணிசமான எண்ணிக்கைனு சொன்னாரு டீச்சர்."

அவர் எழுதவில்லை. "கணிசம்னா எத்தனைனு கேட்டியா?"

நான் திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தேன்.

அவர் எழுந்து, கண்ணாடிக் கதவு வரைக்கும் போனார். காவலாளி சீட்டு கேட்டார். டீச்சர் அங்கேயே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் அடுத்த ஆளைப் பேச அழைத்துக்கொண்டிருந்தார்கள்.